பீர், எலுமிச்சை, போலியோ: பி.எச். மீட்டரின் கதை

எந்தக் காலேஜ் கெமிஸ்ட்ரி லேபுக்குப் போனாலும் ஒரு மூலையில் அந்தப் பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் வரும். ஒயரின் நுனியில் பேனா மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய், குழாயின் அடியில் சின்னதாக ஒரு குமிழ். அதைத் தொடும்போதெல்லாம் லேப் அசிஸ்டெண்ட் "உடைச்சா நீதான் காசு கட்டணும்" என்பார். குழாயைத் திரவத்தில் முக்கினால் திரையில் 4.01, 7.02 என்று ஏதோ ஒரு எண் தெரியும். அதை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பீர் கம்பெனி, ஒரு எலுமிச்சை ஆலை, ஒரு ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கின்றன. கெமிஸ்ட்ரி படிக்காதவர்களுக்கும் புரிகிற கதைதான். பாதிக் கதை வியாபாரம்!

நாக்கும் நிறமும்

புளிப்பை அளக்க மனிதனிடம் முதலில் இருந்த கருவி நாக்கு. மோர் புளித்ததா, மாவு பொங்கியதா என்று இன்றும் வீட்டில் நாக்கைத்தான் நம்புகிறார்கள். ஆனால் லேபில் இருக்கும் எல்லாவற்றையும் நக்கிப் பார்க்க முடியாது!

அடுத்து வந்தது நிறம். 1664ல் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வயலட் பூவின் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை அதில் விவரித்திருந்தார். ஸ்கூலில் எல்லோரும் பார்த்த லிட்மஸ் தாளும் இதே வகைதான். அது அமிலமா, காரமா என்று சொல்லும். எவ்வளவு அமிலம் என்று சொல்லாது. திரவமே சிவப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால் அதுவும் கைவிரித்துவிடும்.

1884ல் ஸ்வீடனின் அர்ரீனியஸ், அமிலம் தண்ணீரில் கரையும்போது அயனிகளாகப் பிரிகிறது என்றார். அமிலத்தின் குணத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் அயனி. 1889ல் ஜெர்மனியின் நெர்ன்ஸ்ட், கரைசலில் இருக்கும் அயனியின் அளவுக்கும் அதில் வைத்த மின்முனையில் உண்டாகும் மின்னழுத்தத்துக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதினார். புளிப்பை வோல்ட் கணக்கில் அளக்கலாம் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. ஆனால் அந்தச் சமன்பாடு ஒரு பெட்டியாக மாற இன்னும் 45 வருஷம் ஆனது. ஏன் என்பதுதான் இந்தக் கதை.

பீர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம்

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் கம்பெனி. அதன் முதலாளி ஜே.சி. ஜேக்கப்சன் 1875ல் ஒரு ஆராய்ச்சிக்கூடம் ஆரம்பித்தார். பீர் செய்வது சமையல் பழக்கமாக இல்லாமல் அறிவியலாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கூடவே ஒரு விதியும் வைத்தார்: இங்கே கண்டுபிடிக்கும் எதையும் கம்பெனி ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது, வெளியிட்டுவிட வேண்டும். போட்டிக் கம்பெனிகளும் படிக்கலாம்! இன்றைக்குக் கேட்டால் எந்த எம்.பி.ஏ. படித்தவரும் தலையில் கை வைத்துக்கொள்வார்.

1901ல் அந்தக் கூடத்தின் வேதியியல் பிரிவுக்குத் தலைவராக வந்தவர் சோரன்சன். அவர் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது நொதிகள்தான். அவை அமிலத்தன்மை கொஞ்சம் மாறினாலும் வேலையைக் குறைத்துவிடும். ஆகவே அவருக்குத் துல்லியமான அளவு தேவைப்பட்டது.

ஆனால் ஹைட்ரஜன் அயனியின் அளவை எழுதுவதே ஒரு தலைவலி. சுத்தமான தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 0.0000001 மோல். பூஜ்யத்தை எண்ணுவதற்குள் கண் வலிக்கும். 1909ல் சோரன்சன் ஒரு வழி சொன்னார். இந்த எண்ணை 10ன் அடுக்காக எழுதி, அடுக்கில் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், கழித்தல் குறியை விட்டுவிடலாம். 0.0000001 என்பது 7 ஆகிவிடும். அதுதான் பி.எச். அதில் 'எச்' என்பது ஹைட்ரஜன். 'பி' எதைக் குறிக்கிறது என்று இன்றும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

இதில் ஒன்றை மறக்கக் கூடாது. பி.எச். ஒரு எண் குறைந்தால் அமிலம் 10 மடங்கு கூடுகிறது. இரண்டு குறைந்தால் 100 மடங்கு. 0.3 குறைந்தாலே ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த 0.3 பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் திரும்ப வரும்.

சோரன்சன் அளந்த விதம் இன்று இருப்பதுபோல் இல்லை. பிளாட்டினம் மின்முனை, அதன்மேல் குமிழ் குமிழாக ஹைட்ரஜன் வாயு, பக்கத்தில் மின்னழுத்தம் அளக்கும் கருவிகள். அதோடு, பி.எச். சட்டென்று மாறாத கரைசல்களையும் நிறம் மாறும் சாயங்களையும் வரிசையாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். அந்தக் கரைசல்களைத்தான் இப்போது பஃபர் என்கிறோம். மீட்டரைச் சரிபார்க்க 4, 7, 10 என்று எழுதிய பாட்டில்கள் லேபில் இருக்கின்றனவே, அவற்றின் முன்னோர்கள் அவைதான்.

கண்ணாடி பேசியது, யாருக்கும் கேட்கவில்லை

1906ல் மாக்ஸ் கிரெமர் என்ற ஜெர்மன் உடலியல் அறிஞர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். மெல்லிய கண்ணாடியின் இரண்டு பக்கமும் வேறு வேறு அமிலத்தன்மை கொண்ட கரைசல்களை வைத்தால், கண்ணாடிக்குக் குறுக்கே மின்னழுத்தம் உண்டாகிறது. 1909ல் ஃபிரிட்ஸ் ஹாபரும் அவருடைய மாணவர் கிளெமன்சீவிச்சும் இதை முறையாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். காற்றிலிருந்து அம்மோனியா எடுத்துக் காட்டிய அதே ஹாபர்தான், அதுவும் அதே வருஷம்!

ஆக, 1909லேயே பி.எச். அளவுகோலும் வந்துவிட்டது, கண்ணாடி மின்முனையும் வந்துவிட்டது. பிறகு எங்கே இடித்தது?

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்று எல்லோருக்கும் தெரியும். மிக மெல்லிய குமிழாக ஊதினாலும் அதன் மின்தடை பத்துக் கோடி ஓம் அளவுக்கு இருக்கும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு பி.எச். வித்தியாசத்துக்குக் கிடைப்பது 59 மில்லிவோல்ட். வகுத்துப் பார்த்தால் ஓடுகிற மின்னோட்டம் ஒரு ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு கூட இல்லை. சாதாரண கால்வனோமீட்டரின் முள் அசையவே அசையாது. அசைகிற அளவுக்கு உணர்வுள்ள கருவிகள் இருந்தன. ஆனால் அவை யாராவது நடந்தாலே ஆடும், மழைக்காலத்தில் ஈரத்தில் பொய் சொல்லும்.

தடையைக் குறைக்கக் கண்ணாடியை இன்னும் மெல்லிசாக ஊதினார்கள். அது சோப்புக்குமிழி மாதிரி உடைந்தது. 1930 வாக்கில் அமெரிக்காவில் மெக்கின்ஸ், டோல் என்ற இருவர் பல வகைக் கண்ணாடிகளைச் சோதித்து, சோடியமும் கால்சியமும் கலந்த ஒரு கலவை நன்றாக வேலை செய்வதைக் காட்டினார்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி மின்சாரப் பிரச்சினை. அதைத் தீர்க்க வேதியியலும் ரேடியோவும் தெரிந்த ஒரு ஆள் தேவைப்பட்டார்.

எலுமிச்சைக்காரர் கேட்ட உதவி

ஆர்னால்ட் பெக்மன் 1900ல் இல்லினாய்ஸில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். வேதியியல் படித்தவர். நடுவில் இரண்டு வருஷம் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தபோது வெற்றிடக் குழாய்களைப் பழகிக்கொண்டார். பழைய வால்வு ரேடியோவில் ஒளிரும் அதே குழாய்கள்தான். பிறகு கலிஃபோர்னியாவில் கால்டெக்கில் ஆசிரியரானார்.

1934ல் அவருடைய பழைய கல்லூரி நண்பர் கிளென் ஜோசஃப் ஒரு கஷ்டத்தோடு வந்தார். அவர் கலிஃபோர்னியா பழ விவசாயிகளின் கூட்டுறவு நிறுவனத்தில் வேதியியலாளர். சன்கிஸ்ட் என்ற பெயரில் பழம் விற்கும் நிறுவனம் அது. நல்ல பழம் சந்தைக்குப் போகும். அடிபட்டதும் சிறுத்ததும் ஆலைக்கு வரும். அவற்றிலிருந்து சிட்ரிக் அமிலமும், ஜாம் கெட்டியாக உதவும் பெக்டினும் எடுப்பார்கள். சாறு கெடாமல் இருக்கச் சல்ஃபர் டை ஆக்சைடு சேர்ப்பார்கள். வம்பே அங்கேதான். அந்த வாயு லிட்மஸின் நிறத்தை வெளுக்க வைத்துவிடும். ஹைட்ரஜன் மின்முனையையும் கெடுத்துவிடும். மிச்சம் இருந்தது கண்ணாடி மின்முனை. அதுவோ உடைந்துகொண்டே இருந்தது.

ஜோசஃப் கேட்டது மெல்லிய கண்ணாடிக்கு ஏற்ற நல்ல கால்வனோமீட்டர். பெக்மன் பிரச்சினையைத் திருப்பிப் போட்டார். கண்ணாடியை மெல்லிசாக்கி மின்னோட்டத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு, கெட்டியான கண்ணாடியையே வைத்து, கிடைக்கிற துளி மின்சாரத்தை வெற்றிடக் குழாய்களால் பெருக்கினால் என்ன? இரண்டு குழாய்களை வைத்து ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்தார். வேலை செய்தது.

கொஞ்ச நாளில் ஜோசஃப் திரும்பி வந்தார். இன்னொன்று வேண்டுமாம். முதல் கருவியை லேபில் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம்! பெக்மனுக்குப் பொறி தட்டியது அப்போதுதான். ஒரே லேபில் இரண்டு தேவைப்படுகிறது என்றால், ஊரில் எத்தனை லேப் இருக்கிறது? 'இதற்கு டிமாண்ட் இருக்கிறதா' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சர்வே கிடைக்காது.

மின்முனை, ஆம்ப்ளிஃபையர், காட்டும் முள் எல்லாவற்றையும் கையில் தூக்கிப்போகிற ஒரே மரப்பெட்டியில் அடக்கினார். முதலில் வைத்த பெயர் 'ஆசிடிமீட்டர்'. 1934 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1936ல் கிடைத்தது. தபால் முத்திரை இயந்திரங்களுக்கு மை தயாரிக்க அவர் நடத்திவந்த சின்னக் கம்பெனி, 1935ல் 'நேஷனல் டெக்னிக்கல் லேபரட்டரீஸ்' ஆனது.

விலை 195 டாலர். பொருளாதாரப் பெருமந்த காலம் அது. ஒரு புது ஃபோர்டு கார் 500 டாலரைச் சுற்றிக் கிடைத்த நேரம். "இவ்வளவு விலை கொடுத்து யார் வாங்குவார்?" என்று பலர் கேட்டார்கள். பெக்மன் விற்பனையாளர்களைத் தேடிக் கிழக்குக்கு ரயில் ஏறினார். ஃபிலடெல்ஃபியாவின் பெரிய லேப் சாமான் வியாபாரி ஒருவர் கணக்குப் போட்டு, பத்து வருஷத்தில் 600 விற்கலாம் என்றார். அந்தக் கணக்கு எவ்வளவு தவறு என்று சீக்கிரமே தெரிந்தது. அந்த வியாபாரி எண்ணியது ஏற்கெனவே பி.எச். அளந்துகொண்டிருந்தவர்களை. கஷ்டம் என்பதால் அளக்காமலே இருந்தவர்கள் கணக்கில் வரவில்லை. சுலபமான கருவி வந்ததும் வாங்குபவர் கூட்டமே புதிதாக உருவானது. பெக்மன் 1939ல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு முழுநேரக் கம்பெனிக்காரர் ஆனார்.

கோபன்ஹேகன், 1952

இதுவரை பீரும் எலுமிச்சையும். இனி உயிர் சம்பந்தப்பட்டது.

1952 கோடையில் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் எனும் போலியோ கொடூரமாகப் பரவியது. பிளெக்டம் ஆஸ்பத்திரிக்கு வந்த பலருக்கு மூச்சுத் தசைகளே செயலிழந்திருந்தன. ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரல், மார்பில் கட்டும் கருவிகள் ஆறு. முதல் வாரங்களில் அந்தக் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

நோயாளிகளின் ரத்தத்தில் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு அளவு மிக அதிகமாக இருந்தது. ரத்தம் காரத்தன்மைக்கு மாறிவிட்டதன் அடையாளம் அது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். அந்த அளவுக்கு அப்படியும் அர்த்தம் உண்டு. ஆனால் மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் வேறு மாதிரி யோசித்தார். மூச்சு போதவில்லை, அதனால் வாயு வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்குகிறது. அப்படியானால் ரத்தம் காரமாக அல்ல, அமிலமாக இருக்க வேண்டும்!

இரண்டில் எது சரி? ஒரே எண் சொல்லிவிடும். ஆஸ்பத்திரியின் லேப் தலைவர் பவுல் ஆஸ்ட்ரப், கோபன்ஹேகனில் தயாரான ரேடியோமீட்டர் கம்பெனியின் பி.எச். மீட்டரால் ரத்தத்தை அளந்தார். ரத்தம் அமிலமாகத்தான் இருந்தது. ஆரோக்கியமான ரத்தத்தின் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் இடையில். மேலே சொன்ன 0.3ஐ இங்கே வைத்துப் பாருங்கள். 7.4 என்பது 7.1 ஆனால் ஹைட்ரஜன் அயனி இரண்டு மடங்கு. லிட்மஸ் தாளுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

நோய் என்னவென்று தெரிந்ததும் வைத்தியமும் தெரிந்தது. ஆகஸ்ட் 27 அன்று, சாகும் நிலையில் இருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார் இப்சன். சிறுமி பிழைத்தாள்.

ஆனால் பையை அழுத்த இயந்திரம் கிடையாது. கை வேண்டும், இரவும் பகலும். மருத்துவ மாணவர்களையும் பல் மருத்துவ மாணவர்களையும் கூப்பிட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து, படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் பை அழுத்தினார்கள். எல்லோரும் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள். எண்பது சதவீதத்துக்கு மேல் இருந்த இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு, அதாவது ஐ.சி.யூ., அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

காப்பாற்றியது மீட்டரா? இல்லை, மாணவர்களின் கைகளும் இப்சனின் யோசனையும்தான். ஆனால் அந்த யோசனை சரி என்று மற்ற மருத்துவர்களையும் ஒப்புக்கொள்ள வைத்ததில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. சோரன்சன் பி.எச். அளவுகோலை உருவாக்கிய அதே ஊரில், 43 வருஷம் கழித்து!

ஒரு குறை கருவியான கதை

நவீன மீட்டர்களில் பி.எச். மட்டும் அல்ல, அயனி அளவு காட்டும் பொத்தானும் இருக்கும். புளோரைடு, சோடியம், கால்சியம் என்று மின்முனையை மாற்றி மாற்றி அளக்கலாம். இது வந்தது ஒரு குறையிலிருந்து.

கண்ணாடி மின்முனை காரம் மிகுந்த கரைசலில் தப்புக் கணக்குச் சொல்லும். ஹைட்ரஜன் அயனி குறைவாகவும் சோடியம் அயனி அதிகமாகவும் இருந்தால், சோடியத்தையும் ஹைட்ரஜன் என்று எண்ணிக்கொள்ளும். பல வருஷம் இதை ஒழிக்கத்தான் பாடுபட்டார்கள். 1957ல் ஐசன்மனும் கூட்டாளிகளும் குறையையே பயன்படுத்திக்கொண்டார்கள். கண்ணாடியில் அலுமினியம் ஆக்சைடு சேர்த்தால் அது சோடியத்தை நன்றாகவே கவனிக்கும். ஆகவே சோடியம் அளக்கும் மின்முனை தயார்!

1966ல் அமெரிக்காவின் ஓரியன் கம்பெனியைச் சேர்ந்த ஃபிரான்ட், ராஸ் இருவரும் கண்ணாடியையே தூக்கிப் போட்டுவிட்டு லாந்தனம் புளோரைடு படிகத்தை வைத்தார்கள். அந்தப் படிகத்துக்குள் புளோரைடு அயனி மட்டும்தான் நகரும். அதற்கு முன்னால் தண்ணீரில் புளோரைடு அளப்பது என்றால் காய்ச்சி வடிப்பது, சாயம் சேர்ப்பது என்று பெரிய வேலை. இப்போது முக்கினால் போதும் என்றானது.

இது நம் பக்கத்துக் கதையும்தான். குடிநீரில் புளோரைடு அதிகமானால் பல் கறைபடும், எலும்பு இறுகி முதுகு வளையும். இந்தியாவில் இந்த நோயை மருத்துவர்கள் முதலில் பதிவு செய்தது 1937ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில். தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களின் ஆழ்குழாய்த் தண்ணீரிலும் இதே தொல்லை. 2013ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. இந்தியத் தர விதிப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. அரை மில்லிகிராம் வித்தியாசம் நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

லேப் விதிகளுக்குப் பின்னால்

இந்தக் கதை தெரிந்தால் லேபில் சொல்லும் விதிகள் எல்லாம் வேறு மாதிரி தெரியும்.

முதலில் 7, பிறகு 4 அல்லது 10 பஃபரில் சரிபார்க்கச் சொல்வது ஏன்? மீட்டர் அளப்பது மில்லிவோல்ட் மட்டுமே. எத்தனை மில்லிவோல்ட்டுக்கு எந்த பி.எச். என்று நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். மின்முனைக்கு வயதானால் அந்த 59 குறைந்துகொண்டே வரும்.

வெப்பநிலையைக் கவனிக்கச் சொல்வது, நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் வெப்பநிலை இருப்பதால். குமிழை அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுக்கச் சொல்வது, அதன் மேல்பரப்பில் இருக்கும் மெல்லிய ஈரப் படலம்தான் அளக்கும் இடம் என்பதால். காய விடாமல் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைக்கச் சொல்வதும் அதற்காகவே. டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்தால் உள்ளே இருக்கும் உப்பு கசிந்து போய்விடும்.

புளோரைடு அளக்கும்போது சாம்பிளிலும் ஸ்டாண்டர்டிலும் ஒரே மாதிரி ஒரு தனிப் பஃபரைக் கலக்கச் சொல்வார்கள். அது பி.எச்.சை 5 பக்கத்தில் நிறுத்தும். அமிலம் கூடினால் புளோரைடு ஹைட்ரஜனோடு ஒட்டிக்கொள்ளும். காரம் கூடினால் ஹைட்ராக்சைடு அயனியைப் படிகம் புளோரைடு என்று ஏமாந்து எண்ணும். அலுமினியமும் இரும்பும் பிடித்துவைத்திருக்கும் புளோரைடையும் அந்தப் பஃபர் விடுவித்துக் கணக்கில் கொண்டுவரும். இதைக் கலக்காமல் அளந்தாலும் மீட்டர் ஒரு எண்ணைக் காட்டத்தான் செய்யும். அதே இரண்டு தசம இடங்களோடு, அதே நம்பிக்கையோடு!

1952ல் கோபன்ஹேகன் மருத்துவர்களிடமும் ஒரு எண் இருந்தது. கார்பன் டை ஆக்சைடு அளவு சரியாகத்தான் அளக்கப்பட்டிருந்தது. அதற்குச் சொன்ன அர்த்தம்தான் தவறு. இன்னொரு கருவி வந்து இன்னொரு எண்ணைக் காட்டும்வரை அது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த முறை லேபில் அந்தக் கண்ணாடிக் குமிழைப் பஃபரில் முக்கும்போது ஒரு நிமிஷம் காத்திருங்கள். எண் ஆடுவது நின்ற பிறகு எழுதுங்கள். அந்த பஃபர் பாட்டில் எப்போது திறந்தது என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.